லினக்ஸ் பக்கத்தில் இருந்த தம்பி

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஐந்து பேரை வளர்த்தேன்; பெற்றது நால்வர், ஐந்தாவது, செத்துப்போன மகள் விட்டுச்சென்ற பேத்தி கலை.

அந்தச் சூடு இன்னும் என் முழங்காலில் இருக்கிறது. பன்னிரண்டாவது படிக்கையில் இலவசமாகக் கிடைத்த ‘லேப்டாப்’பை மடியில் வைத்துக்கொண்டு கலை என்னை ஒட்டி உட்காருவாள், அதன் அடிப்பக்கம் இஸ்திரி போட்ட துணிபோலச் சுடும். திறந்ததும் கறுப்புத் திரையில் விண்டோஸ், லினக்ஸ் என்று இரண்டு பெயர் நிற்கும், ஒரு வீட்டுக்கு இரண்டு வாசல் மாதிரி. விண்டோஸ் பக்கம் என் மகன் சேகருடையது. ஒரகடத்துக் கம்பெனியில் ‘ஷிப்ட்’ முடிந்து வந்து, எங்கள் பின்கட்டில் வாடகைக்கு இருந்த தெற்கத்திப் பையன்களோடு படம் பார்ப்பான். லினக்ஸ் பக்கம் யாரும் எட்டிப்பார்க்காததால் அது கலைக்கும் எனக்கும் என்று ஆனது.

அங்கேதான் நான் சொல்லச் சொல்ல அவள் தமிழில் தட்டினாள். மூன்றாவதோடு என்னை நிறுத்தி மாடு மேய்க்க அனுப்பியது, பிள்ளைப்பாக்கம் ஏரிக்கரையில் என் பின்னாலேயே வந்த தம்பி ஏழுமலை, ஒரு செவலைக் கன்றுக்கு அவன் வைத்த பெயர், அந்தப் பெயரை அவன் கூப்பிட்டால் தாய்மடியையும் விட்டுவிட்டு அது ஓடிவந்தது, ஏழு வயதில் அம்மை வார்த்து அவன் போனது. அவனுக்குப் போட்டோ கிடையாது. அவனைத் தெரிந்தவள் இப்போது நான் ஒருத்திதான். எழுதியதை அன்றன்று படிக்கச் சொல்லிக் கேட்பேன். அவன் பின்னால் நடந்து வருவது போலிருக்கும்.

கலை காலேஜ் சேர்ந்த வருஷம் சேகர், “எல்லாரும் லினக்ஸை எடுத்துட்டு விண்டோஸ் மட்டும் வச்சிக்கினு கீறாங்க, நம்மகிட்ட மட்டும் இன்னாத்துக்கு அந்த எயவு?” என்றான். எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் அப்போது அதைத்தான் செய்தார்கள். அவள் வீட்டில் இல்லாதபோது கடைக்குக் கொண்டுபோனான். கடைக்காரர் விண்டோஸ் வழியாகப் பார்த்து, கண்ணில் பட்டதையெல்லாம் தனியாக எடுத்துவைத்தாராம். லினக்ஸ் பக்கம் இருப்பது அங்கிருந்து தெரியாதாம். பிறகு மொத்தத்தையும் துடைத்துவிட்டார்.

“படம், பாட்டு எல்லாம் பத்திரமா கீதும்மா” என்றான் சேகர், நல்ல சேதிபோல.

“மாமா, ஆயா சொன்னது எங்க?” என்று கலை கத்தினாள்.

“கெயவி கதைதானே? வாயி இருக்குதில்ல, திருப்பிச் சொல்லட்டும்.”

அன்றைக்கும் அவனுக்குச் சோறு நான்தான் போட்டேன். பெற்ற பாவம். ஆனால் கேட்டவுடன் திருப்பிச் சொல்ல நான் என்ன ரேடியோப் பெட்டியா? கலை எவ்வளவு கெஞ்சியும் வாயைத் திறக்கவில்லை.

வருஷங்கள் கழித்து என் மனசாகச் சொல்ல உட்கார்ந்தால், கன்றின் பெயர் வரவில்லை. தட்டிய கலைக்கும் மறந்துபோயிருந்தது; இரண்டு மூன்று பெயர் சொல்லிப் பார்த்தாள். எதுவும் அது இல்லை.

மாடு மேய்த்த கரையோரம் இப்போது கம்பெனி மதில். லேப்டாப் கட்டிலுக்கடியில் செத்துக் கிடக்கிறது. கலையும் ஷிப்டுக்குப் போகிறாள். மூன்றாவது படிப்பு கொடுத்த எழுத்தைக் கூட்டிக்கூட்டி, யார் மெஷினும் வேண்டாமென்று இதை என் கையாலேயே எழுதியிருக்கிறேன்.

ஏ கலை, கம்பெனி பஸ்ஸு வர்றதுக்குள்ள இத கொஞ்சம் படி. கன்னுக்குட்டி வர்ற எடத்துல வேகமா போவாத, நில்லு. வந்தாலும் வரும்.