கரி மூட்டையும் திருட்டுப் பட்டமும்

போலீஸ்காரர் குற்றத்தை எழுதி உங்கள் கையில் ஒரு டிக்கெட்டைக் கொடுக்கிறார். அபராதத்தைக் கட்டிவிட்டால் விஷயம் முடிந்தது என்று உங்களுக்கு யார் சொன்னது?

கிழக்கு டெக்சஸில், எங்கள் ஊரில், எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். நகர நீதிமன்றத்தில் யார் யார் வந்து நின்றார்கள் என்று வாரப் பத்திரிகை பெயர் போடும். கால்பந்து முடிவைப் படிப்பதற்கு முன்பே ஜனங்கள் அந்தப் பக்கத்தைத்தான் புரட்டுவார்கள். ஆகவே நீதிபதி முன்னால் நிற்பதைவிட, நீதிமன்ற அலுவலக ஜன்னலில் பணத்தைக் கட்டிவிட்டு நழுவுவதுதான் இங்கே மானமுள்ளவர்களின் வழி.

வெர்லீன் டாக்கெட்டும் மானமுள்ளவள். முதியோர் இல்லத்தில் செவிலி உதவியாளர். படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களைக் குளிப்பாட்டி, ஊட்டி, நகம் வெட்டிவிடுகிறவள். அவர்களுடைய அறைச் சாவிகள் அவள் இடுப்பில்தான் தொங்கும். தன் தேவாலயச் சபையின் சனிக்கிழமை விருந்துக்காகப் பெரிய கடைக்குப் போனாள். இறைச்சி, சோளமாவு, உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் தானே இயந்திரத்தில் காட்டிப் பணம் கட்டினாள். தள்ளுவண்டியின் அடித்தட்டில் கிடந்த அடுப்புக்கரி மூட்டையை மறந்துபோனாள். வாசலில் பிடித்துக்கொண்டார்கள்.

"அய்யோ, அதுக்கும் இப்பவே கட்டிடறேன் சார்" என்றாள்.

"அதெல்லாம் இல்லம்மா. ஆனா கைதும் இல்ல, வெறும் டிக்கெட்தான். கோர்ட்டுக்கு வர்றேன்னு கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போங்க" என்றார் போலீஸ்காரர். அவர் பொய் சொல்லவில்லை. டிக்கெட்டில் எழுதியிருந்த குற்றத்தின் பெயரை மட்டும் வாய்விட்டுச் சொல்லவில்லை. திருட்டு.

வீட்டில் கணவன் ராய்ஸ் ஒரே பிடியாய் நின்றான். "கட்டித் தொலை வெர்லீன். பேப்பர்ல பேர் வந்தா ஞாயித்துக்கிழமை பாட்டுக் குழுவுல எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் பாடுவ? நான் வேகமா ஓட்டினதுக்கு எத்தன தடவ கட்டியிருக்கேன், என்ன குடிமுழுகிப்போச்சு?"

மறுநாள் மதியம் ஜன்னலில் வரிசையில் நின்றாள். அந்த நேரம் பார்த்து உடன் வேலை செய்து பாட்டுக் குழுவிலும் உடன் பாடும் ஒடெஸ்ஸா கைபேசியில் கூப்பிட்டாள்.

"ஏண்டி, சேதி தெரியுமா? நம்ம இல்லத்த வேற கம்பெனி வாங்கிடுச்சாம். எல்லாரோட குற்றப் பதிவையும் புதுசா தோண்டப் போறானுங்க. என் தம்பி சின்ன வயசுல ஒரு தொப்பியத் திருடிட்டு அபராதம் கட்டினானே, இன்னிக்கும் எங்க வேலை கேட்டாலும் அதுதான் முன்னாடி வந்து நிக்குது. பாஸ்டர் மன்னிச்சிட்டாரு, கடைக்காரன்கூட மறந்துட்டான். கம்ப்யூட்டர் மட்டும் விடமாட்டேங்குது."

வெர்லீனின் முறை வந்தது. ஜன்னலுக்குள் இருந்த பெண் ஒரு தாளை நீட்டினாள். "குற்றத்த ஒத்துக்கறீங்களா, இல்ல மறுக்காம விடறீங்களா? ஏதாவது ஒரு கட்டத்துல டிக் போடுங்க."

"நான் பணம் கட்டத்தானே வந்தேன்?"

"கட்டினாலே அதுல ஒண்ணுதான்."

"டிக் போட்டா, நாளைக்கு வேலைக்கு விசாரிக்கறவங்களுக்கு நான் திருடின்னு தெரியுமா?"

"சட்ட ஆலோசனை சொல்ல எனக்கு அனுமதி இல்ல மேடம்."

பின்னாலிருந்தவன் கத்தினான்: "அம்மா தாயே, கட்டுங்க, இல்ல நகருங்க! என் சாப்பாட்டு நேரம் போகுது."

பேனா கட்டத்துக்கு மேலே நின்றது. ஒரு கீறல், ஒரு கையெழுத்து. அதுவே குற்ற ஒப்புதல், அதுவே தீர்ப்பு. நீதிபதி அவள் முகத்தைக்கூடப் பார்க்க வேண்டியதில்லை. இப்படி ஆளையே பார்க்காமல் திருடர்களைத் தயாரிக்கும் ஏற்பாட்டுக்கு வசதி என்று பெயர் வைத்திருக்கிறார்கள்!

வெர்லீன் பேனாவை வைத்துவிட்டாள். "குற்றமில்லைன்னு சொல்ல எந்தக் கட்டம்?"

விசாரணைக்கு நாள் கொடுத்தார்கள். வக்கீல் கொடுக்கவில்லை. அபராதம் மட்டுமே விதிக்கக்கூடிய வழக்குக்கு இலவச வக்கீல் கிடையாதாம். சிறைக்குப் போகமாட்டாள், சோறுதானே போகும்?

விசாரணை நாளன்று காலை நீதிமன்ற நடையில் நகரத்தின் அரசு வக்கீல் வரிசையாக ஆட்களை மடக்கிக்கொண்டிருந்தார். இளைஞர், அவசரக்காரர்.

"மிசஸ் டாக்கெட், ஒத்துக்குங்க, அபராதத்தப் பாதியாக் குறைக்கறேன். அஞ்சு நிமிஷத்துல வீடு. வாதாடித் தோத்தா முழுசும் கட்டணும்."

ராய்ஸ் அவள் முழங்கையை இடித்தான். "பாதியாம்டி."

"தம்பி, கடையோட வீடியோவப் பாத்தீங்களா?" என்றாள் வெர்லீன்.

அவர் கையிலிருந்த அடுத்த கோப்பைப் புரட்டினார்.

"பாக்காமத்தான் என்னத் திருடிங்கறீங்களா? முடியாதவங்க மோதிரத்தக் கழட்டி, குளிப்பாட்டி, திரும்ப மாட்டிவிடற கை இது. பாத்துட்டுச் சொல்லுங்க, நான் இங்கயே நிக்கறேன்."

அவர் மடிக்கணினியைத் திறந்தார். படத்தில் வெர்லீன் வாயசைத்துப் பாடிக்கொண்டே வருகிறாள். கரி மூட்டை எவர் கண்ணுக்கும் படும்படி கீழே கிடக்கிறது. வாசல் காவலரிடம் ரசீதைத் தானே நீட்டுகிறாள். அவர் இரண்டாம் முறை ஓட்டிப் பார்த்தார். ராய்ஸின் கை அவள் முழங்கையிலிருந்து கீழே இறங்கியது.

வழக்கு தள்ளுபடியானது. அந்த வாரம் பத்திரிகையில் பெயரும் வந்தது. பாட்டுக் குழுவில் எவரும் முகம் சுளிக்கவில்லை. ஒடெஸ்ஸா மட்டும் "கரிக்காரி வந்துட்டா!" என்று கையைத் தட்டினாள்.

முடிந்தது என்றுதான் நாங்களும் நினைத்தோம். புதிய கம்பெனி தோண்டிய குற்றப் பதிவில் வெர்லீன் பெயருக்கு நேரே 'திருட்டு' வந்து நின்றது. பக்கத்தில் சின்னதாய் 'தள்ளுபடி'. முதல் சொல்லுக்கு மேல் படிக்க மேலாளருக்குப் பொறுமை இல்லை. பதிவு நீங்கும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டார். தள்ளுபடியான வழக்கின் பதிவு தானாக அழியாது என்பதையும், மாவட்ட நீதிமன்றத்தில் தனியாக மனுப் போட வேண்டும் என்பதையும் தீர்ப்பு நாளில் அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை. குற்றமற்றவள்தான், ஆனால் கெஞ்சிக் கேட்டால்தான் அது எடுபடும். இது என்ன நியாயம்?

மனுப் போட்டாள். கோடை முழுக்கச் சம்பளமில்லாமல் காத்திருந்தாள். பதிவை அழிக்கச் சொல்லி உத்தரவு வந்த அன்று அதை இல்லத்துக்கு எடுத்துப்போய் மேலாளரின் மேசைமேல் வைத்தாள். "முழுசாப் படிங்க சார். நான் உக்காந்திருக்கேன்." அவர் படித்தார். சாவிக்கொத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

விசாரணை நாளன்று அவளோடு நீதிமன்ற நடையில் நின்ற மற்றவர்கள் பாதி அபராதத்துக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். அவர்களுடைய வீடியோவை எவரும் ஓட்டிப் பார்க்கவில்லை. உங்கள் வீட்டுக் குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டிய டிக்கெட் ஏதாவது இருக்கிறதா? இன்றே எடுத்துக் குற்றத்தின் பெயரைப் படியுங்கள். கட்டினால் அது தீர்ப்பாகப் பதிவாகுமா என்று ஒரு வக்கீலிடமோ சட்ட உதவி மையத்திலோ கேளுங்கள். கேட்டு முடிக்கும்வரை அந்தக் கட்டத்தில் பேனாவை வைக்காதீர்கள்.