ஐஸ் வைத்த குப்பி

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய எனக்குத் தெரிந்த விஞ்ஞானம் ஒன்றுதான்: மீனுக்கு ஐஸ் வைப்பது. கல்யாணமான ஏழாம் மாதம், என் கழுத்துக் கட்டியைப் புற்றுநோய் என்றார்கள்.

"மருந்து ஏத்தினா பிறகு குழந்தை இல்லாம போகலாம்" என்றார் டாக்டரம்மா. "வெள்ளிக்கிழமை மருந்து. அதுக்குள்ள விந்து தந்தா உறைய வைச்சிரலாம்."

"கரண்டு போனா?"

"கரண்டு வேண்டாம். நைட்ரஜன் ஊத்துவோம்."

"ஊத்துறவரு லீவு போட்டா?"

மனைவி என் காலை மிதித்தாள்.

எங்கள் கடற்கரையில் யாரும் தனியாக ஆஸ்பத்திரி போவதில்லை. புதன்கிழமை ஒரு வேன் நிறைய வந்தார்கள். ரத்தப் பரிசோதனை என்றுதான் சொல்லியிருந்தோம். குப்பியோடு நான் அறைக்குள் வியர்க்க, வெளியே செபமாலை ஓடியது. மாமியார் கதவைத் தட்டினார்.

"மருமவனே, நரம்பு கிடைக்கலியா? டாக்டரைக் கூப்பிடட்டா?"

வெறும் குப்பியோடு வெளியே வந்தேன். நர்ஸ் இரக்கப்பட்டு, வீட்டிலிருந்தே கொண்டுவரலாம், ஒரு மணி நேரத்துக்குள், உடம்புச் சூட்டோடு என்றார். வழியில் எத்தனை வேகத்தடை என்று எண்ணிக்கொண்டிருந்த என் காதில் கடைசி வார்த்தை ஏறவில்லை.

வியாழன் காலை என் கை பழகியதைச் செய்தது. தெர்மாகோல் பெட்டி, அடியில் பொடித்த ஐஸ், நடுவே குப்பி, மேலே ஐஸ், மேலே உப்பு, சுற்றி டேப்.

நர்ஸ் டேப்பை அறுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்னண்ணே, நெய்மீனா?"

நுண்ணோக்கியில் ஒன்றும் அசையவில்லை.

"நீங்களும் உறையத்தானே வைப்பிய?" என்றேன்.

"அதுக்குன்னு மருந்து கலந்து, பையப் பைய வைப்போம். நீங்க கொன்னுட்டு கொண்டாந்திருக்கிய."

என் பிள்ளைகளை மீனாக்கிவிட்டேன் என்று வராந்தாவில் அழுதேன். மனைவி நேராக டாக்டரம்மாவிடம் போய் வெள்ளி காலை ஒன்பது மணிவரை அவகாசம் வாங்கி வந்தாள்.

வெள்ளியன்று குப்பி என் கக்கத்தில். ஆட்டோவில் இரண்டு பக்கமும் மாமியாரும் மனைவியும் நெருக்கி உட்கார்ந்தார்கள்.

"கையைத் தூக்கிராதேயும்" என்றார் மாமியார். அதற்குள் அவருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. எதிரே வந்த பங்குத்தந்தை கையசைத்தார். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

நர்ஸ் நுண்ணோக்கியில் குனிந்து பார்த்தார். "நல்லா ஓடுது, அண்ணே."

பிறகு ஒரு படிவம். நான் இறந்துபோனால் இதை அழிப்பதா, மனைவியிடம் கொடுப்பதா என்று கேட்டிருந்தது.

"ஏட்டி, என்ன போடட்டு?"

"எனக்குன்னு போடுங்க" என்றாள். "போட்டுட்டு எழும்புங்க. மருந்து ஏத்தக் கூப்பிடுதாவ."