கினிப்பன்றிக்கு மருந்து கொடுத்த மழைக்காலம்

சித்திரபுரத்திலிருந்து கீழே இறங்கும் சாலையில், தேயிலைச் சரிவை ஒட்டி ஒரு ஹோம்ஸ்டே இருக்கிறது. ஜூன் பிறந்து மழை பிடித்துக்கொண்டால், மண் சரியும் என்ற பயத்தில் அங்கே ஈ காக்கை வராது. சமையல்காரரும் ஊருக்குப் போய்விடுவார். மிஞ்சுவது இன்பமேரி மட்டும்தான். அறைகளைத் திறந்து காற்றாட விட வேண்டும், மெத்தைகளில் பூசணம் ஏறாமல் பார்க்க வேண்டும், பின்கட்டில் இருக்கும் கூண்டுக்குத் தீனி வைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

இன்பமேரி எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். தேயிலை கிள்ளியே வயதைக் கழித்தவள். புருஷன் சுவக்கீன் ஃபேக்டரியில் இலை உலர்த்தும் பிரிவில் இருந்தான். அவன் இறந்த பிறகு, தன் வேலைக்காலமும் முடிந்து, லயத்து வீட்டையும் ஒப்படைத்துவிட்டு வெளியே வந்தாள். மகன் ஜின்சன் எறணாகுளத்தில் லிஃப்ட் மெக்கானிக். கூட்டிக்கொண்டுபோய்த் தன்னோடு வைத்துப் பார்த்தான். மகனும் மருமகளும் காலையில் போனால் இருட்டிய பின்தான் வருவார்கள். பூட்டிய வீட்டுக்குள் இருப்பதற்கு, பூட்டைத் தன் கையில் வைத்துக்கொண்டு இருக்கலாம் என்று இந்த வேலைக்கு வந்துவிட்டாள்.

கூண்டில் இருந்தது ஒரு கினிப்பன்றி. தங்க வருகிறவர்களின் பிள்ளைகள் விளையாடட்டும் என்று முதலாளி பினு இரண்டு பெட்டைகளை வாங்கி விட்டிருந்தார். வெயில் காலத்தில் ஒன்று செத்துப்போனது. மற்றது பழுப்பும் வெள்ளையுமாக, உள்ளங்கை இரண்டையும் சேர்த்தால் நிறைகிற அளவில் இருந்தது. வருகிற பிள்ளைகள் ஆளுக்கொரு பெயர் வைப்பார்கள். இன்பமேரிக்கு அது வெறும் "ஏ பிள்ள"தான்.

ஒரு நாள் காலையில் முந்தின நாள் வைத்த புல் அப்படியே கிடந்தது. தூக்கிப் பார்த்தாள். தாடைக்கு அடியில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. பினுவுக்குப் போன் போட்டாள்.

"அதுக்காக மழையில அலையணுமா சேச்சி?" என்றார் அவர். பிறகு, "சரி, உங்க இஷ்டம்" என்றார்.

பழக்கூடையில் துண்டை விரித்து, அதற்குள் அதை வைத்து மூடி, பஸ் ஏறி மிருக ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் ஜோமோள் இளம்பெண். எஸ்டேட்காரர்களோடு பழகிப் பழகி மலையாளம் கலந்த தமிழ் பேசினாள். கட்டியைக் கீறிச் சீழை எடுத்துக் கழுவிவிட்டு, ஒரு குப்பி மருந்தும் ஊசி இல்லாத சிரிஞ்சும் கொடுத்தாள்.

"சேச்சி, இது ஆன்டிபயாட்டிக். காலையும் வைகிட்டும், ரெண்டு வேளை கொடுக்கணும். கடையில மனுஷங்களுக்கு விக்கிற மருந்த மட்டும் கொடுத்துராதீங்க. சிலது இதோட வயித்துல இருக்கிற நல்ல கிருமியையும் சேர்த்துக் கொன்னுரும். இந்த மருந்துலயும் சில சமயம் தீனி குறையும். தின்னாம இருந்தா உடனே கூப்பிடுங்க. இதுங்களுக்குப் பட்டினி ஆகாது."

"கொய்யாப்பழம் கொடுக்கலாமா டாக்டர்?"

"நல்லது. குடைமிளகாயும் கொடுங்க. கூட வேற உண்டா, இது மட்டும்தானா?"

"சோடி செத்துப்போச்சு. ஒத்தையாத்தான் கிடக்கு."

டாக்டர் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தாள். "இது கூட்டமா வாழுற சாதி சேச்சி. தனியா இருந்தா வாடிப்போகும்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

திரும்பி வந்ததும் இன்பமேரி கூண்டை ஈரம் அடிக்கும் பின்கட்டிலிருந்து தன் அறைக்குள் கொண்டுவந்து வைத்தாள். மருந்து கொடுப்பது எளிதாக இல்லை. துண்டில் சுற்றி மடியில் இடுக்கிக்கொண்டு, வாயின் ஓரமாகச் சிரிஞ்சை நுழைத்து, சொட்டுச் சொட்டாக விட வேண்டும். பாதி உள்ளே போகும், பாதி தாடை வழியே வழியும். சுவக்கீனும் கடைசி நாட்களில் இப்படித்தான் இருந்தான். மாத்திரையைக் கன்னத்தில் அடக்கி வைத்துக்கொண்டு, அவள் அந்தப் பக்கம் போனதும் துப்பிவிடுவான்.

"நீ அவருக்கு மேல இருக்கியே" என்று ஒரு நாள் அதனிடம் சொன்னாள். சொன்ன பிறகுதான், அன்று வாய் திறந்து பேசிய முதல் பேச்சு அதுதான் என்று நினைவு வந்தது.

நாலாம் நாள் அது அறவே தின்னவில்லை. புழுக்கை சிறுத்து, பிறகு அதுவும் நின்றுபோனது. மூலையில் மயிரைச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மருந்தால்தான் இப்படி ஆகிறது, நிறுத்திவிட்டால் சரியாகிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. சிரிஞ்சைக் கழுவி மேலே வைத்தும்விட்டாள். மனசு கேட்கவில்லை. மழை வலுத்துவிட்டால் வீட்டுக்குள் போனுக்குச் சிக்னல் கிடைக்காது. குடையைப் பிடித்துக்கொண்டு மேட்டு வளைவு வரை ஏறிப்போய் டாக்டரைக் கூப்பிட்டாள்.

"மருந்த நிறுத்தாதீங்க, கிருமி திரும்ப வந்துரும்" என்றாள் ஜோமோள். "இளம்புல்ல அரைச்சு வடிகட்டி, வெந்நீர் கலந்து, ஆறினதும் சிரிஞ்சுல கொடுங்க. கொஞ்சங்கொஞ்சமா, அடிக்கடி கொடுக்கணும். வயித்த மெல்லத் தடவிவிடுங்க. நாளைக்கு எனக்கு விளிச்சுச் சொல்லுங்க."

அன்று முழுக்க அவள் வேறு வேலை பார்க்கவில்லை. சரிவில் புல் பறித்து, அம்மியில் அரைத்து, சீலைத் துணியில் வடிகட்டி ஊட்டினாள். ஊட்டிய கையோடு வயிற்றைத் தடவிக்கொண்டே பேசினாள். லயத்தில் தண்ணீருக்குப் போட்ட சண்டை, மூடுபனியில் வழி தெரியாமல் ஒரு தடவை பக்கத்து எஸ்டேட்டில் போய்க் கிள்ளியது, ஜின்சனுக்கு முதல் பல் விழுந்தது, எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு நாளில் இவ்வளவு பேசிப் பல காலம் ஆகியிருந்தது. தொண்டை கட்டிப்போனது.

மறுநாள் விடியும்போது கூண்டில் கறுப்பாக நாலைந்து புழுக்கை கிடந்தது. உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். மேட்டுக்கு ஏறிப்போய்ச் சொன்னபோது டாக்டர் சிரித்தது போனில் கேட்டது.

அதன் பிறகு தினமும் அந்த ஏற்றம் ஏறினாள். தின்னுச்சா, எவ்வளவு, புண் காஞ்சிருச்சா என்று டாக்டர் கேட்பாள். இரண்டு நிமிடப் பேச்சுதான். அதற்காக இன்பமேரி தலை வாரிக்கொண்டு போவாள், போனில் முகம் தெரியாது என்று தெரிந்திருந்தும். குப்பி காலியான அன்று டாக்டர், "இனி குழப்பமில்ல சேச்சி, சரியாயிருச்சு, விளிக்க வேண்டாம்" என்றாள். நல்ல செய்திதான். மேட்டிலிருந்து இறங்க அவளுக்கு வெகுநேரம் ஆனது.

அந்த வாரமே பினு பேசினார். அடுத்த சீசனுக்குக் கூண்டை எடுத்துவிட்டு அங்கே ஊஞ்சல் போடப்போகிறாராம். "அத நீங்களே வச்சுக்கோங்க சேச்சி. ஆனா புதுசா எதுவும் வாங்கி விட வேண்டாம்."

வைத்துக்கொள்ளலாம். அவள் அறையில் ஒரு மூலை போதும். இப்போதெல்லாம் அவள் காலடிச் சத்தம் கேட்டாலே அது விசிலடிப்பதுபோல் கத்தும். ஆனால் அவள் மற்ற அறைகளைக் கூட்டக் கிளம்பிவிட்டால், திரும்பி வரும்வரை அது கூண்டுக் கம்பியில் மூக்கை வைத்துக்கொண்டு அசையாமல் இருக்கும். அந்த இருப்பு எப்படிப்பட்டது என்று யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஜின்சன் கூப்பிட்டபோது, "குடுத்துரலாம்னு இருக்கேன்" என்றாள்.

"ஏம்மா? உங்களுக்குத் துணையா இருக்குமே."

"எனக்குத் துணைதான். அதுக்கு நான் துணை ஆவேனாப்பா?"

அவன், மழை எப்படி என்று கேட்டான்.

டாக்டரிடம் கேட்டதில், பக்கத்து ஊரான ஆனச்சாலில் சந்தனமேரி டீச்சர் வீட்டில் நாலைந்து பெட்டைக் கினிப்பன்றிகள் வளர்கின்றன என்று தெரிந்தது. அதே பழக்கூடையில் கொண்டுபோனாள். டீச்சர் முதலில் பக்கத்துக் கூண்டில் விட்டுப் பழக்கலாம் என்றார். நடுவில் கம்பி வலை மட்டும். இது ஓரமாகப் பதுங்கியது. அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று வந்து வலைக்கு மூக்கை நீட்டியது. கொஞ்சங்கொஞ்சமாக இதுவும் நகர்ந்து போனது. தொண்டைக்குள்ளேயே குறுகுறுவென்று ஒரு சத்தம் போட்டது. இத்தனை நாள் மடியில் வைத்திருந்தும் இன்பமேரி அந்தச் சத்தத்தைக் கேட்டதில்லை.

"நீங்க எப்ப வேணும்னாலும் வந்து பாக்கலாம்" என்றார் டீச்சர்.

"வாரேன் டீச்சர்" என்றாள். கொய்யாவை நறுக்கிக் கொடுக்க வேண்டும், முழுசாகப் போட்டால் தின்னாது என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

திரும்பும் பஸ்ஸில் வெற்றுக்கூடையை மடியில் வைத்திருந்தாள். இறங்க வேண்டிய இடத்துக்கு முன்பே, ஒரு டீக்கடை வாசலில் பஸ் நின்றபோது இறங்கிவிட்டாள். தேயிலை கிள்ளிவிட்டு மழைக்கு ஒதுங்கிய கொழுந்துக்காரிகள் தோளோடு தோள் இடித்து நின்று, யாரோ ஒரு சூப்பர்வைசரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி அவளுக்கு இடம்விட்டு நகர்ந்தாள். இன்பமேரி ஒரு டீ சொல்லிவிட்டு, அது ஆறிப்போகும்வரை கையில் வைத்துக்கொண்டு, அவர்கள் பேச்சைக் கேட்டபடி நின்றாள்.