கலாவின் நான்காவது குறிப்பு

செவ்வாய்க்கிழமை காலை அக்கரப்பத்தனையிலிருந்து கலாவின் அப்பா போன் செய்தார். "புள்ள போயிருச்சும்மா" என்றார். மூன்றே நாள் மூச்சுத்திணறல். இருபத்தாறு வயது.

நுவரெலியாவில் மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்த எங்கள் சின்ன மென்பொருள் அலுவலகத்தில் அவளோடு வேலை செய்த உங்களுக்கு அவளுடைய கண்டிப்பு தெரியும். ஒருவர் எழுதும் புரோகிராமை இன்னொருவர் படித்து, கணினியிலேயே குறிப்பு எழுதவேண்டும். என்னைவிட ஒன்பது வயது இளையவள், என் வேலையை ஒரே வாரத்தில் மூன்று முறை திருப்பி அனுப்பினாள். முகம் சுளித்தேன். "கோவிச்சுக்காதீங்கக்கா. நான் உங்களப் பாக்கல, நீங்க எழுதுனதத்தான் பாக்குறேன்" என்றாள்.

எழுதியும் அனுப்பாத குறிப்புகள் வரைவாகத் தங்கும். வேலை முடிந்ததும் அவை அழியவேண்டும். எங்கள் அமைப்பில் அழியாமல் குவிந்துகொண்டிருந்தன. அவற்றைத் துப்புரவு செய்ய நான் ஒரு புரோகிராம் எழுதியிருந்தேன். அதைப் படித்துச் சொல்லவேண்டியவள் கலா.

அடக்கம் முடிந்த மறுநாள் அதை ஓட்ட உட்கார்ந்தேன். படிக்க ஆளில்லை என்று நானே அனுமதி கொடுத்துக்கொண்டேன். நிர்வாகப் பக்கத்தில் அவள் பெயருக்கு எதிரே மூன்று வரைவுகள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூன்று நான்கானது. பெயருக்கு அருகில் பச்சைப் புள்ளி எரிந்தது. அவள் இணைப்பில் இருக்கிறாள் என்று பொருள்.

அவளுடைய நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன். குளிருக்குப் போர்த்தும் சால்வை மட்டும் அதில் கிடந்தது.

அவள் வீட்டுக்குப் போன் செய்தேன். "கருமாதி நோட்டீசுக்கு போட்டோ வேணும்னு அவ அக்கா, அவளோட கம்பியூட்டரத் தொறந்துச்சும்மா. வேற ஒன்னயும் தொடல" என்றார் அப்பா. தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் நோயில் படுத்தபடி அவள் எழுதிவைத்த குறிப்பு, இணைப்புக் கிடைத்ததும் தானாக வந்து சேர்ந்திருக்கிறது.

பிறர் வரைவைப் படிக்கக்கூடாது. படித்தேன். ஆங்கில எழுத்தில் தமிழ்:

"அக்கா, இத ஓட்டாதீங்க. முடிஞ்ச வேலை எது, முடியாதது எதுன்னு இது பிரிச்சுப் பாக்கல. இன்னும் எழுதிக்கிட்டு இருக்கறவங்களோடதும் போயிரும்."

உண்மைதான். ஒரு நிபந்தனையை விட்டிருந்தேன். ஓட்டியிருந்தால், நீங்கள் எல்லோரும் பாதியில் வைத்திருந்த குறிப்புகள் அன்றே மறைந்திருக்கும்.

திருத்தி ஓட்டினேன். அவளுடைய பழைய மூன்றும் போயின. நான்காவது நின்றது, அது பேசிய இந்தத் துப்புரவு வேலை இன்னும் முடிந்ததாகக் குறிக்கப்படவில்லை என்பதால். இரண்டு நாள் அதை முடிக்க மனம் வரவில்லை. பிறகு, முடிந்தது என்று நானே குறித்தேன். அடுத்த முறை ஓட்டியதும் அதுவும் அழிந்தது.

அந்த மூன்று வரிகள் இப்போது எந்தக் கணினியிலும் இல்லை. எழுத்துப் பிசகாமல் எனக்கு மனப்பாடம்.