மீன் தொட்டி விளக்கு இழுத்த கரண்ட்

என் அண்ணன் இஸ்திரிப்பெட்டியைக் குற்றம் சொல்ல மாட்டான். அதனால் என் மீன் தொட்டியைச் சொன்னான்.

மட்டாஞ்சேரியில் அத்தா விட்டுப்போன வீட்டை இரண்டாகத் தடுத்து முன்பக்கம் அவனும் பின்பக்கம் நானும் இருந்தோம். மீட்டரும் பியூஸும் ஒன்றுதான், அவன் பக்கத்தில். எங்கள் அறைக்கு ஜன்னல் கிடையாது. சுவருக்கு அப்பால் மிளகுக் கிடங்கு. அறுபதுகளின் தொடக்கம் அது. இரண்டாவது பிள்ளையும் தங்காமல் போனபின் என் மனைவி சோற்றைத் தொடுவதில்லை. நான் இரும்புச் சட்டம் அடித்து, கண்ணாடி இடுக்கில் தண்ணீர் கசியாமல் மக்கு பூசி ஒரு தொட்டி செய்தேன். தகர மூடிக்குள் இருபத்தைந்து வாட் பல்பு. எட்டுக் கறுப்பு மீன்கள். அந்த வெளிச்சத்துக்கு முன்னால் உட்கார்ந்துதான் அவள் மறுபடி சாப்பிடத் தொடங்கினாள்.

வியாழக்கிழமை தோறும் சாயங்காலம் பியூஸ் போகும். ஜும்மாவுக்குப் போடும் சட்டைகளை அண்ணன் வீட்டில் அப்போதுதான் தேய்ப்பார்கள், பல்பு ஹோல்டரிலிருந்து ஒயர் இழுத்து. ரேடியோ நின்றதும் அவன் என்னிடம் வருவான்.

"நாள் பூரா மீனுக்கு வெளக்கு. கரண்ட உறிஞ்சிக் குடிக்குதுடா உன் தொட்டி. அடுத்த வியாழனும் போச்சுன்னா ஒயர வெட்டிருவேன்."

வெட்டுவான். எனக்கு அவனைத் தெரியும்.

நான் மோட்டார் சுற்றும் பட்டறையில் வேலை பார்த்தேன். கரண்ட் எவ்வளவு ஓடுகிறது என்று ஊசியால் காட்டும் அம்மீட்டரை அங்கிருந்து கேட்டு வாங்கி வந்தேன். பெரிய மோட்டார்களுக்கானது அது. வேறு இல்லை. வியாழக்கிழமை அண்ணனின் மாமனார் வீட்டார் வந்து சாயா குடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் பார்க்கட்டும் என்று எங்கள் அறைக்குக் கூப்பிட்டேன். புத்தி கெட்டவன்.

தொட்டியின் ஒயரைப் பிரித்து நடுவில் மீட்டரைக் கோத்து சுவிட்சைப் போட்டேன். பல்பு எரிந்தது. ஊசி அசையவில்லை.

"ஊசி அனங்கவே இல்லையே. மீட்டரு செத்துப்போச்சா?" என்றான் அண்ணன்.

"மீனு புடிச்சு வச்சிருக்கும்," என்றாள் அண்ணன் பெண்டாட்டி, மைனி. எல்லோரும் சிரித்தார்கள்.

"சாகல அண்ணே. அவ்வளவு கம்மியா இழுக்குது, ஊசிக்கே தெரியல."

"தெரியலைன்னா என்னத்தடா அளந்தே?"

 எனக்குக் கோபம் வந்துவிட்டது. மீட்டரைத் தூக்கிக்கொண்டு முன்பக்கம் போய் இஸ்திரிப்பெட்டி ஒயரில் கோத்தேன். ஊசி இரண்டு ஆம்பியரைத் தாண்டிக் குதித்தது. "இப்ப பாரு, யாரு குடிக்கிறதுன்னு" என்று சொல்லி முடிப்பதற்குள் பியூஸ் போனது. இருட்டில் யாரும் சிரிக்கவில்லை. அந்த இஸ்திரிப்பெட்டி மாமனார் கொழும்பிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. அவர் சாயாவைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார்.

மறுநாள் காலை அண்ணன் குறடோடு வந்தான்.

"ஊசிக்கே தெரியாத வெளக்குதானே? இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"

எங்கள் அறைக்கு வரும் ஒயரையே வெட்டினான். கரண்ட் ஆபீஸில் தனி மீட்டர் கேட்டு எழுதிக் கொடுத்தேன். வீடு இருவர் பேரிலும் இருக்கிறது, அண்ணன் கையெழுத்து வேண்டும் என்றார்கள். அவன் போடவில்லை.

ஒரு மாதம் கழித்துப் பட்டறையில்தான் அது உறைத்தது. அதே மாதிரி பத்து பல்புகளைத் தனித்தனி ஒயரில், ஒரே மீட்டர் வழியாக எரித்திருந்தால் ஊசி அசைந்திருக்கும். காட்டியதைப் பத்தால் வகுத்திருந்தால் ஒரு பல்பின் கணக்கு கிடைத்திருக்கும். முன்பக்கம் போயிருக்கவே வேண்டாம். அண்ணன் அதைக் கேட்டிருப்பானா? மாட்டான். ஆனால் மாமனார் முன்னால் அவனை அவமானப்படுத்தியது நான்தான்.

தொட்டிக்குப் பக்கத்தில் மண்ணெண்ணெய் விளக்கு வைத்துப் பார்த்தேன். கண்ணாடியில் சுடர்தான் தெரிந்தது. கறுப்பு மீன்கள் தெரியவில்லை. என் மனைவி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு தட்டிலிருந்த சோற்றைத் தொடாமல் என் பக்கம் தள்ளிவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.