இரண்டு நொடி தெரிந்த புடவை

போன வருடம் ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் செய்த காரியம் இது. காஞ்சிபுரம் செவிலிமேட்டில் எங்கள் வீடு. கீழே அப்பாவின் தறி, மாடியில் என் அறை. ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை செய்கிறேன். குறை கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளமே. மற்ற நேரத்தில் துப்பாக்கிச் சண்டை வீடியோ கேம் விளையாடுவேன், அதைப் பற்றிப் பேசி யூடியூபில் போடுவேன். பெண் பிள்ளைக்கு எதற்குத் துப்பாக்கி என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை.

அப்போது ஒரு வெளிநாட்டு கேம் வரப்போவதாக ஏக அமர்க்களம். வெளியாக இன்னும் ஒரு மாதம் இருந்தது. அதில் ஒரு சண்டை தென்னிந்தியக் கோயில் ஊரில் நடக்கிறது என்றதும் எங்களைப் போன்றவர்களுக்குத் தலைகால் புரியவில்லை. டிரெய்லர் வந்தது. எல்லோரும் ஆகா ஓகோ என்று கொண்டாட, எனக்கு மட்டும் கை அரித்தது. எங்கேயாவது குறை இருக்குமே என்று நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்.

கிடைத்தது. பட்டுக்கடைக்குள் சண்டை நடக்கிறது. திரை போலக் குறுக்கே கட்டியிருக்கும் ஒரு சிவப்புப் புடவைக்குப் பின்னால் வீரன் ஒளிகிறான். கீழ்ப்பாதியைப் பெட்டிகள் மறைத்திருந்தன. தெரிந்த மேல் பார்டரில் கோபுரங்கள் வரிசையாக இருந்தன, எல்லாம் தலைகீழாக! உச்சி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டே நொடி வரும் காட்சிதான்.

உடனே கேமராவை முன்னால் வைத்து உட்கார்ந்துவிட்டேன். “கோபுரம் எந்தப் பக்கம் பார்க்கும்னு கூடத் தெரியாம வரைஞ்சிருக்கான். தறி வாசனையே தெரியாத ஆளு. காஞ்சிபுரம் நெசவுக்காரர் வீட்டுப் பொண்ணு நான் சொல்றேன், இந்த கேமை வாங்காதீங்க” என்று வாய்க்கு வந்தபடி பொரிந்து தள்ளினேன். பின்னணியில் அப்பாவின் தறிச் சத்தம் டக் டக்கென்று பதிவாகியிருந்தது. அதுதான் எல்லாவற்றையும் கெடுத்தது. ‘தறிச் சத்தமே கேக்குது, அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்’ என்று கமென்ட்டுகள் குவிந்தன. என் சேனல் கண்டிராத கூட்டம். கோயிலை அவமதித்துவிட்டார்கள் என்று யார் யாரோ அதைப் பரப்பினார்கள். எனக்குத் தலைக்கனம் ஏறிப் போனது.

கேம் வெளியான அன்று அந்தக் கடைக் காட்சிக்குத்தான் முதலில் ஓடினேன். புடவை இல்லை. அதே இடத்தில் பார்டரே இல்லாத வெறும் சிவப்புத் துணி தொங்கியது. ‘நம்ம குரல் போய்ச் சேர்ந்துடுச்சு’ என்று இன்னொரு வீடியோ போட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் பள்ளித் தோழி வீட்டுக்கு வந்தாள். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள் நாங்கள். அவள் அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அவர்கள் வீட்டில் யாரும் தறியில் உட்கார்ந்ததில்லை. அவள் சென்னையில் ஏதோ டிசைன் வேலை பார்க்கிறாள் என்ற அளவுக்குத்தான் எனக்குத் தெரியும். கம்பெனி விஷயம் வெளியே சொல்லக்கூடாது என்பாள், நானும் கேட்டதில்லை.

“உன் வீடியோ பாத்தேன்பா” என்றாள். பாராட்டப் போகிறாள் என்று பல்லைக் காட்டினேன்.

“அந்தப் புடவைய நான்தான் வரைஞ்சேன். அந்த கேமுக்குப் படம் வரையற வேல எங்க கம்பெனிக்குத்தான் வந்துது.”

எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றது. அவள் மொபைலை எடுத்து ஒரு படம் காட்டினாள். எங்கள் வீட்டுக் கூடம், விரித்துப் பிடித்த சிவப்புப் புடவை. அம்மாவின் கல்யாணப் புடவை, அப்பா தன் கையால் நெய்தது. பொங்கல் லீவில் வந்தவள், பார்க்க ஆசையாக இருக்கிறது என்று அம்மாவிடம் கேட்டு வாங்கி, டேப் வைத்து அளந்து, படம் எடுத்துப் போயிருந்தாள். படத்தில் புடவையின் ஒரு முனையைப் பிடித்திருந்தது நான். இன்னொரு கையில் மொபைலில் விளையாடிக்கொண்டிருந்தேன்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு பார்டரிலும் கோபுரங்களின் உச்சி புடவையின் நடுவைப் பார்த்திருந்தது. கட்டியிருக்கும்போது கண்ணில் படுவது கீழ் பார்டர், அதில் கோபுரம் நேராக நிற்கும். விரித்துக் குறுக்கே கட்டினால் மேல் பார்டரில் அது தலைகீழாகத்தான் தெரியும். இதைப் பார்த்தே வளர்ந்த எனக்கு இது உறைக்கவேயில்லை. பதினைந்து படி இறங்கி அப்பாவைக் கேட்டிருந்தால் ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பார்.

“நீ கம்பெனில சொல்லியிருக்கலாமே, இதுதான் சரின்னு” என்றேன்.

“சொன்னேன்பா. போட்டோ எல்லாம் காட்டினேன். ரிலீஸ் நேரத்துல வம்பு வேணாம், எடுத்துடுன்னுட்டாங்க. வேலைக்கு ஒண்ணும் ஆவல. ஆனா, எங்க டீம் லீடு உன் வீடியோவைப் போட்டுக் காட்டி, என்னப் பாத்து, நீ நெஜமாவே காஞ்சிபுரம் பொண்ணுதானான்னு கேட்டாரு. எல்லாரும் பாத்துக்கினு இருந்தாங்க.” சொல்லி முடிக்கும்போது அவள் கண் கலங்கிவிட்டது. “மூணு மாசம் அது ஒண்ணையே செஞ்சுக்கினு இருந்தேன்டி. கேம் வந்ததும் உங்க அம்மாவக் கூப்ட்டு உக்கார வெச்சிக் காட்டணும்னு இருந்தேன்.”

எனக்கு அழுகை வந்தது. மன்னிப்புக் கேட்டேன். அவள் பரவாயில்லை என்றாள், ஆனால் அம்மா கொடுத்த காபியைக் குடிக்காமலேயே கிளம்பினாள்.

அன்றே, அந்தப் புடவையை விரித்துக் காட்டி, தப்பு என்னுடையது என்று வீடியோ போட்டேன். பழைய வீடியோவைப் பார்த்த கூட்டத்தில் ஒரு தெருவுக்குக் காணும் ஆட்கள்கூட அதைப் பார்க்கவில்லை. கேமில் அந்த வெறும் துணி வெறும் துணியாகவே இருக்கிறது. தோழி இப்போது பேசுகிறாள், ஆனால் என்ன வரைகிறாள் என்று சொல்வதில்லை.

அந்த கேமை இன்னும் விளையாடுகிறேன்; அந்தக் கடைக்குள் போகும்போது மட்டும் அந்தச் சிவப்புத் துணிக்குப் பின்னால் ஒளிய எனக்கு மனசு வராது, சுட்டால் சுடட்டும் என்று வெளியிலேயே நின்றுவிடுகிறேன்.