தூக்கி வைத்து ஆடாதவர்

என் கணவர் ஒன்றை நினைத்துவிட்டால் ஒற்றைக்காலில் நிற்பார். போன வருடம் அவரிடம் ஒழுங்காக இருந்ததும் ஒரு கால்தான். மோட்டார் சைக்கிள்களைப் பழுதுபார்க்கக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தே வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. இனிமேல் அப்படி உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அவருடைய அண்ணன் உடனே ஒரு குடோன் வாசலில் காவல் வேலை பிடித்துவைத்தார். மாதம் பிறந்ததும் போய் நாற்காலியில் உட்கார வேண்டியதுதான். ஸ்பானரைப் பிடுங்கிவிட்டால் இந்த மனிதர் பாதி ஆளாகிவிடுவார் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

"நான்தானே கீழ உட்காரக்கூடாது? வண்டி மேல வரட்டும்" என்றார்.

மறுநாள் வீட்டில் விருந்தாளிக் கட்டிலைக் காணோம். வீட்டை ஒட்டிய அவருடைய பட்டறைக் கொட்டகையில் துண்டு துண்டாகக் கிடந்தது. கட்டில் சட்டத்தின் மேல் தடித்த பலகை, அடியில் கத்தரிக்கோல் போல விரிந்து மடங்கும் இரும்புக் கால்கள், அவற்றை எழுப்ப ஒரு லாரிக்காரர் கழித்துப்போட்ட ஜாக்கி. வெல்டிங் புகையில் துவைத்த துணியெல்லாம் நாறியது. நான் கத்தினேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

முதல் சோதனையைப் பார்க்கத் தெருவே கூடியது. எங்கள் பழைய வண்டி இடுப்பு உயரம் வரை ஜோராக ஏறியது. திடீரென்று ஜாக்கி எண்ணெயைக் கக்கிவிட்டு உட்கார்ந்தது. வண்டி சரிந்து முன்விளக்கு நொறுங்கியது. பழுதுக்கு விட்டிருந்த பால்காரர் தன் வண்டியை அப்போதே உருட்டிக்கொண்டு போய்விட்டார். அதன்பிறகு ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

ஜாக்கியை மட்டும் நம்பியது தப்பு என்றார், அவ்வளவுதான். எண்ணெய் ஒழுகியதைச் சரிசெய்தார். எந்த உயரத்தில் நிறுத்தினாலும் குறுக்கே செருகிப் பாரத்தைத் தாங்குகிற மாதிரி இரும்புக் கால்களில் துளைகள் போட்டு, ஒரு தடித்த கம்பி செய்தார். முன்சக்கரத்துக்கு ஒரு பிடி, இருபுறமும் இழுத்துக் கட்டப் பட்டை. எல்லாம் தயார். ஏற்றத்தான் யாரும் வண்டி தரவில்லை.

மாதம் பிறந்தது. அண்ணன் வந்து நின்றார். என் கணவர் என்னைக் கேட்காமல் எதுவும் செய்வதில்லை என்று அவருக்கு ஒரு நினைப்பு, அதில் பழைய எரிச்சல். பொண்டாட்டியைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறான் என்று போகிற இடமெல்லாம் சொல்வார். குடோனுக்குக் கிளம்பச் சொன்னார். என் கணவர் கைதுடைக்கும் துணியைத் தேடினார்.

பலகையில் பட்டை கட்டி நின்ற எங்கள் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். "என்னையும் சேர்த்துத் தூக்குங்க."

அவர் முகம் வெளுத்துப்போனது. எனக்கும் பயம்தான், ஹேண்டில்பாரை விடவில்லை. அவர் மெல்ல ஜாக்கியை அடித்துப் பலகையை உயர்த்தினார். கம்பியைச் செருகினார். பிறகு ஜாக்கியை முழுதாகத் தளர்த்திவிட்டார். பலகை இம்மியும் அசையவில்லை. அண்ணனுடைய வழுக்கை எனக்குக் கீழே பளபளத்தது.

"நீங்க சொன்ன மாதிரியே தூக்கி வச்சுட்டார் மாமா" என்றேன். "ஆடுதான்னு பாருங்க."

அண்ணன் பலகையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். கம்பியைக் குனிந்து பார்த்தார். வெளியே போய்த் தன் வண்டியை உருட்டிக்கொண்டு வந்தார்.

"பிரேக் கத்துதுடா. முதல்ல இவளை இறக்கு."

என் கணவர் காதில் வாங்கவில்லை. என்னை மேலேயே விட்டுவிட்டு, நின்றபடியே எங்கள் வண்டியின் நட்டைக் கழற்ற ஆரம்பித்திருந்தார்.